ஒண்ணா

முப்பத்தாறு மணித்தியாலம் தந்தார்கள்.
வந்தாறுமூலை வளாகம், கணினிக் கூடம்,
பதினேழாம் மேசை.
தலைக்கு நேரே ஒரு மின்விசிறி;
அது ஓடவில்லை.

எடுத்துக்கொண்ட பிரச்சினை பக்கத்தில்தான் இருந்தது.
மாரியில் கிரான் பாலத்தின்மேல் வெள்ளம் ஏறும்.
அங்கால் நின்றவர் அங்காலேயே.
அவர்கள் ஓர் இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம்.
செயற்கை நுண்ணறிவு கேட்கும், எழுதும்,
சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும்.
சிவப்புக்கு முதல் வள்ளம்.

ஏறாவூர் ஹிஷாமா நிரல் எழுதினாள்.
குருக்கள்மடத்து யதுசன்
உழவு இயந்திரப் பெட்டியில் தொங்கிக்கொண்டு போய்
போன வெள்ளத்தில் என்ன சொல்லி அழைத்தீர்கள் என்று
வீடு வீடாகக் கேட்டு
முந்நூற்றுப் பன்னிரண்டு குரல்கள் கொண்டுவந்தான்.
சிலதில் ஆடு கத்தியது.
ஒன்றில் யாரோ அவனுக்குத் தேத்தண்ணி கொடுக்கிறார்கள்.

நான் கேட்டுக் கேட்டு எழுத்தாக்கினேன்,
வவுனியாவில் வளர்ந்த காதால்.

முதல்நாள் இரவே இயந்திரம் தேறிவிட்டது:
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.
மாலு பணிஸ் வாங்கிக் கொண்டாடினோம்.

விடிய மூன்று மணி.
எல்லாரும் மேசையில் கவிழ்ந்து கிடக்க
ஹிஷாமா ஒரு குரலைத் திரும்பத் திரும்பப் போட்டாள்.
பூரணம் என்ற பெண்.
"புள்ளைக்கு முட்டு இழுக்குது,
மறுகா தண்ணியும் ஏறிற்று, வர ஒண்ணா."

திரையில்:
பிள்ளைக்கு முட்டை.
தண்ணீர் ஏறியது.
ஒன்றாக வருகிறோம்.
பச்சை.

நாங்கள் சிரித்தோம்.
மூன்று மணிக்கு எதற்கும் சிரிப்பு வரும்.
பிறகு அவள் என் கோப்பைத் திறந்தாள்.

நூற்று நாற்பதாம் வரி. என் தட்டச்சு.
பிள்ளைக்கு முட்டை. ஒன்றாக வருகிறோம்.
இருபத்தாறு இடங்களில் 'ஒன்றாக'.
இயந்திரம் பிழைவிடவில்லை.
படிப்பித்ததை ஒப்புவித்தது.
சோதனை விடைகளும் நான் எழுதியவைதாம்;
என்னை என்னோடு ஒப்பிட்டுத்தான்
அந்தத் தொண்ணூற்றொன்று.

எங்கள் பக்கம் 'ஏலாது' என்போம்.
முதலாம் வருடம் விடுதியில்
"எனக்கு ஒண்ணா" என்று ஒருத்தி சொல்ல,
சேர்ந்து போகத்தான் கூப்பிடுகிறாள் என்று
செருப்பை மாட்டிக்கொண்டு
வாசலில் நின்றவள் நான்.
உயர்தரப் பரீட்சையில்
'சொல்லொணாத் துயரம்' என்பதைப் பிரித்தெழுதிப்
புள்ளி வாங்கியவளும் நானே.
சொல்ல, ஒண்ணா.
துயரத்தோடு வந்தபோது அடையாளம் தெரிந்த சொல்
வெள்ளத்தோடு வந்தபோது தெரியவில்லை.

விடியும்வரை யதுசன் பக்கத்தில் இருந்தான்.
நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன், அவன் சொன்னான்.
முட்டு என்றால் மூச்சு முட்டுவது.
மறுகா என்றால் பிறகு.
'போடா' என்று ஒருவர் ஏசியது
இயந்திரத்தை அல்ல, நாயை.

திருத்திய பின் எண்பத்திரண்டு.
நேரமில்லை. ஒரு வரி மட்டும் கூட்டினோம்:
சந்தேகம் வந்தால் நிறம் போடாதே,
ஓர் ஆளைக் கூப்பிடு.

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார்.
"கடைசியில் ஓர் ஆள்தான் கேட்கவேண்டுமென்றால்
இது எதற்கு?"
யதுசன் சொன்னான்:
"ஆளுக்கு முதல் இது சந்தேகப்படும், சேர்."

கூடத்தில் இரண்டு பேர் கைதட்டினார்கள்.
முதற்பரிசு பால் சேகரிப்பு நிலையச் செயலிக்குப் போனது.
நல்ல செயலிதான்.
எங்கள் சான்றிதழ்களில்
ஹிஷாமாவின் பெயரில் ஓர் எழுத்தைக் காணோம்.

வெளியே மழை துமித்தது.
கன்டீனுக்கு வாறியா என்று யதுசன் கேட்டான்.
இரண்டு இரவு நித்திரையில்லாத வாயிலிருந்து
தன்பாட்டில் வந்தது:
"ஒண்ணா."

அவன் நின்று திரும்பிப் பார்த்தான்.
"பதிஞ்சிருக்கலாம்" என்றாள் ஹிஷாமா.
பிறகு பேச்சில்லை.
பூரணத்தின் பிள்ளைக்கு அன்று வள்ளம் வந்ததா
என்று கேட்க
மூன்று பேருக்கும் இப்போதுதான் தோன்றியது.